வெள்ளிக் காசும் வெறும் நம்பிக்கையும்

(கோவில்பட்டியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் செய்யப்பட்ட பிரசங்கத்தின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம் வெள்ளிக் காசு. “இந்த மேடையில் வந்து காசு, வெள்ளி, தராசு என்று பேசுகிறானே, இவன் பிரசங்கி தானா அல்லது நகைக்கடைத் தரகனா?” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. ஆனால் மனிதன் தன் அறிவைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கும் இடங்கள் கோவில் வாசல் மாத்திரமல்ல. நகைக்கடை வாசலும் அப்படிப்பட்ட இடந்தான். அங்கே நஷ்டமடைகிறவர்கள் யார் என்று பார்த்தால், மானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில் பருத்தியும் உளுந்தும் போட்டுப் பிழைக்கும் சம்சாரிகளும், தீப்பெட்டி ஆபீசில் விரல் தேயக் குச்சி அடுக்கும் பெண்மக்களுந்தான். ஆகவே இதைப் பற்றிப் பேசுவது நமக்கு அவசியமான காரியம் என்றே நினைக்கின்றேன்.

பாட்டியின் கலயம்

முதலில் என் சொந்த வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லுகின்றேன். என் தகப்பனாரைப் பெற்ற பாட்டி, நல்ல மழை பெய்து பருத்தி விலை போன வருஷங்களில் ஒன்றும் இரண்டுமாக வெள்ளி ரூபாயைச் சேர்த்து, ஒரு மண்கலயத்தில் போட்டு, கம்பு கொட்டி வைக்கும் குலுக்கைக்குள் புதைத்து வைத்திருந்தாள். அவள் காலமான பின்பு அந்தக் கலயம் என் தாயாரிடம் வந்தது. எல்லாம் விக்டோரியா ராணித்தலைக் காசுகள். மொத்தம் 15.

ஒரு வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை ஏமாற்றிவிட்டது. விதைத்த விதை மண்ணோடு போயிற்று. மறு விதைப்புக்குக் கையில் தம்பிடி இல்லை. என் தாயார் 14 காசுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் காசை மேலும் கீழும் புரட்டிப் பார்த்து, “அம்மா, இது ராணித்தலை. சர்க்காரே செல்லாது என்று தள்ளின காசு. நாளைக்கு என்னிடம் இதை யார் வாங்குவார்கள்? ஏதோ வெயிலில் நடந்து வந்துவிட்டீர்கள்” என்று சொல்லி, எடையும் போடாமல் காசுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தார். அது அன்றைய வெள்ளி விலையில் பாதிகூட இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் சொன்னதில் பொய் உண்டா என்றால், இல்லை. அது செல்லாத காசுதான். விக்டோரியா ராணியின் வெள்ளி ரூபாய் 1940-களின் தொடக்கத்திலேயே செலாவணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் செல்லாமல் போனது காசின் மேல் இருந்த சர்க்கார் முத்திரையே தவிர, அதற்குள் இருந்த வெள்ளி அல்லவே! ஒரு ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் 12-ல் 11 பங்கு வெள்ளி, 1 பங்கு கலப்பு. ஆகவே காசு ஒன்றுக்கு 10.69 கிராம் சுத்த வெள்ளி. 14 காசுக்கு ஏறக்குறைய 150 கிராம். இதை என் தாயார் அறிந்திருந்தால், “செல்லாது என்றால் போகட்டும், தராசில் போடு” என்று சொல்லியிருப்பார்கள். அறியாததனால், வீட்டிற்கு வந்து, “நம் தலையெழுத்து இவ்வளவுதான்” என்று சொன்னார்கள்.

தோழர்களே! இது தலையெழுத்தா? அல்லது காசின் மேல் இருந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத குறையா? பிரமன் எழுதியதாகச் சொல்லப்படும் எழுத்தை யாரும் திருத்த முடியாதாம். காசின் எழுத்தையாவது நாம் படிக்கக் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

ரூபாயின் சரித்திரம்

இந்த வெள்ளி ரூபாய் நம் வீடுகளுக்குள் எப்படி வந்தது, எப்படி ஏமாற்றியது என்பதைக் கொஞ்சம் சொல்லுகின்றேன்.

1835-ம் வருஷத்தில் கம்பெனி சர்க்கார் இந்தியா முழுமைக்கும் ஒரே எடை, ஒரே மாற்று உள்ள ரூபாயை ஏற்படுத்தினார்கள். அதன் எடையே ஒரு தோலா. ஆதலால் காசே படிக்கல்லாகவும் ஆயிற்று. நம் பக்கத்தில் ஒரு பலம் என்றால் 3 ரூபாய் எடை. 8 பலம் கொண்ட சேர் என்றால் 24 ரூபாய் எடை. பழைய மனிதர்கள் “ரூபாய் எடை” என்று சொல்லுவதன் காரணம் இதுதான்.

அந்தக் காலத்தில், யார் வேண்டுமானாலும் வெள்ளியை நாணயச் சாலைக்குக் கொண்டுபோய், சிறிது கூலி கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு பெண்ணின் காலில் கிடந்த தண்டையும் கையிலிருந்த ரூபாயும் ஏறக்குறைய ஒன்றே. தண்டையை ரூபாயாக்கலாம், ரூபாயைத் தண்டையாக்கலாம். பாங்கியும் தபாலாபீசு சேமிப்பும் எட்டாத பட்டிக்காட்டில் வெள்ளியே பாங்கியாயிருந்தது. இதனால்தான் நம் ஜனங்கள் வெள்ளியை வாங்கிக் காலிலும் இடுப்பிலும் பூட்டி வைத்தார்கள். இதை மடமை என்று நான் சொல்லமாட்டேன். அந்த நிலைமையில் அது மிகவும் புத்திசாலித்தனமான காரியமே.

பிறகு 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் எத்தனையோ லட்சம் பேர் மாண்டார்கள். குடும்பம் குடும்பமாகக் காலிலும் கையிலும் கிடந்த வெள்ளியைக் கழற்றி விற்றார்கள். அந்த நகைகள் மூட்டை மூட்டையாகப் பம்பாய் நாணயச் சாலைக்குப் போய் உருகி ரூபாயாயின. அதே தாது வருஷத்தில், 1877 ஜனவரி 1-ந் தேதி, டில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவைச் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். 1876 வரை அடித்த ரூபாயில் “விக்டோரியா ராணி” என்று இருக்கும். 1877 முதல் “விக்டோரியா சக்கரவர்த்தினி” என்று இருக்கும். உங்கள் வீட்டில் அந்த வருஷத்துக் காசு இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஜனங்கள் கஞ்சிக்கில்லாமல் செத்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் நகைகள் உருகிப்போன நாணயச் சாலையில் காசின் மேல் பட்டம் ஒரு படி உயர்ந்தது!

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் பெரிய சங்கதி. ஜெர்மனி முதலிய தேசங்கள் வெள்ளியைக் கைவிட்டுத் தங்க நாணயத்திற்கு மாறியதால் உலகத்தில் வெள்ளி விலை விழுந்தது. 1893 ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் நாணயச் சாலையைப் பொதுஜனங்களுக்கு மூடிவிட்டார்கள். அன்று முதல் ரூபாய் வேறு, வெள்ளி வேறு. 1902-ஐ ஒட்டிய காலத்தில், ஒரு ரூபாயில் இருந்த வெள்ளியின் விலை அந்த ரூபாயின் மதிப்பில் பாதிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதாவது பணக்காரன் பெட்டியில் இருந்த ரூபாய் ரூபாயாகவே இருந்தது. ஏழைப் பெண்ணின் காலில் இருந்த அதே எடைத் தண்டை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஒரு குன்றிமணி வெள்ளியையும் யாரும் திருடவில்லை. சிம்லாவில் ஒரு சட்டம் செய்தார்கள். கரிசல் காட்டில் ஒருத்தியின் சேமிப்பு கரைந்தது. அவள் எந்தச் சாமியைக் கும்பிட்டிருந்தால் இது நின்றிருக்கும்?

முதல் மகாயுத்தத்தில் காற்று மாறியடித்தது. வெள்ளி விலை ஏறிற்று. ஜனங்கள் நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாய் கேட்டுக் கஜானாவை நெருக்கினார்கள். 1918-ல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி, 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்கென்று விற்க வேண்டியதாயிற்று. இரண்டாம் மகாயுத்தத்திலும் அதே நெருக்கடி. 1940-ல் சர்க்கார் ரூபாயின் மாற்றைக் குறைத்து, பாதி வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம் என்று கலந்து அடித்தார்கள். 1947-ல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய், புலிப்படத்தோடு வந்தது.

இந்தச் சரித்திரத்தில் உங்களுக்குக் கைமேல் பிரயோசனம் ஒன்று இருக்கின்றது. பழைய ரூபாய் வாங்கினாலும் விற்றாலும் முதலில் வருஷத்தைப் பாருங்கள். 1939 வரையில் காசுக்கு 10.69 கிராம் வெள்ளி. 1940 முதல் 1945 வரையில் 5.83 கிராம்தான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 1947-ம் வருஷத்துக் காசில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது. காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது.

பழமைக்கு மதிப்பு உண்டா?

நிற்க. காசு சேர்க்கும் பழக்கம் என்று ஒன்று உண்டு. அது நல்ல பழக்கமே. சரித்திரம், பூகோளம், கணக்கு மூன்றையும் ஒரு பையனுக்குக் கையில் வைத்துக் கற்பிக்கக்கூடியது. ஆனால் அதிலும் நம்மவர்கள் “பழசு என்றால் உசத்தி” என்னும் பழைய பாடத்தையே ஒப்பிக்கின்றார்கள்.

1862 என்று வருஷம் போட்ட ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 160 வருஷங்களுக்கு மேற்பட்ட காசு. ஆனால் 1874 வரையில் அச்சில் வருஷத்தை மாற்றாமல் 1862 என்றே அடித்துக்கொண்டு வந்தார்கள். ஆகவே அது கோடிக்கணக்கில் இருக்கின்றது, அபூர்வமல்ல. அதற்கு மாறாக 1939-ம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் ரூபாய் வயதில் எவ்வளவோ சிறியது. ஆனால் தப்பிக் கிடைப்பது மிகவும் சொற்பமானதால், சேகரிப்பவர்கள் அதற்குப் பெரிய விலை கொடுக்கின்றார்கள். இதிலிருந்து என்ன தெரிகிறது? பழமை என்பதற்காகவே ஒன்றுக்கு மதிப்பு வந்துவிடாது. எத்தனை இருக்கிறது, எப்படிப்பட்ட நிலையில் இருக்கிறது, வேண்டுமென்பவர் எத்தனை பேர் என்ற மூன்றுந்தான் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. காசு விஷயத்தில் இதை ஒப்புக்கொள்ளுகிறவர்கள், மற்ற பழைய விஷயங்களிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கக்கூடாதா?

இன்னொரு வேடிக்கை. 1911-ம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், ராஜாவின் சட்டையில் தொங்கும் பதக்கத்தில் ஒரு யானை செதுக்கியிருந்தது. தும்பிக்கை குட்டையாகிவிட்டதால் அது பன்றி போலத் தெரிந்தது. “பன்றிக் காசு” என்று ஜனங்கள் வெறுத்தார்கள். சர்க்கார் பயந்துபோய், 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அச்சிட்ட 90 லட்சத்துக்கு மேற்பட்ட காசுகளில் வெளியே போனது சுமார் 7 லட்சந்தான், மற்றவை உருக்கப்பட்டன. வெள்ளியின் மாற்றிலோ எடையிலோ ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் தும்பிக்கையின் நீளத்தால் தீட்டு ஒட்டிக்கொண்டது! இன்று அந்தப் பன்றிக் காசைத்தான் சேகரிப்பவர்கள் ஆசையோடு தேடுகின்றார்கள்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், சேகரிப்பு மதிப்புப் போய்விடும். 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். அதை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

அரிசி இழுக்கும் காசு

இனி மோசடிகளைப் பற்றிச் சொல்லுகின்றேன். “ராமர் பட்டாபிஷேகக் காசு, கம்பெனி சர்க்கார் 1818-ல் அடித்தது, இது அரிசியை இழுக்கும், வீட்டிலிருந்தால் கோடி வரும்” என்று ஒரு கூட்டம் தமிழ்நாடு முழுதும் சுற்றுகிறது. கம்பெனியார் சென்னையில் அடித்த சில வராகன்களில் சாமி உருவம் உண்டு, கோபுரமும் உண்டு, அது மெய். ஆனால் ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் போட்ட அணாக் காசைக் கம்பெனியார் எக்காலத்திலும் அடித்ததில்லை. அவை பிற்காலத்தில் யாரோ அடித்த பொம்மைக் காசுகள். அரிசியை இழுக்கிறது என்றால், அரிசியில் இரும்புத் தூளையும் காசில் காந்தத்தையும் தேடுங்கள். எதிராளி கொண்டுவந்த அரிசியை வைத்துவிட்டு, உங்கள் வீட்டுப் பானையிலிருந்து ஒரு பிடி அரிசியைப் போட்டுப் பாருங்கள். காசின் சக்தி அந்த நிமிஷமே ஓடிப்போகும்.

மற்றொன்று கைப்பேசியில் வருவது. எங்கள் தெருவில் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் ஓர் அம்மாளிடம், “உங்களிடம் உள்ள பழைய காசுக்குப் பல லட்சம் தருகிறோம்” என்று ஒருவன் பேசினான். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு ரிசர்வ் பாங்கி அத்தாட்சிக்குக் கட்டணம் என்று தவணை தவணையாக வாங்கினான். அந்த அம்மாள் ஒரு வருஷத்தில் சேர்த்த பணம் போயிற்று. லட்சமும் வரவில்லை, அவன் குரலும் பிறகு வரவில்லை. 2021 ஆகஸ்டு மாதத்தில் ரிசர்வ் பாங்கியே, “பழைய நோட்டு, காசு விற்பதற்கோ வாங்குவதற்கோ நாங்கள் எந்தக் கட்டணமும் கேட்பதில்லை; யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவில்லை” என்று பகிரங்கமாக எச்சரித்திருக்கின்றது. காசு வாங்க வருகிறவன் நமக்குப் பணம் கொடுக்க வேண்டுமா, நம்மிடம் பணம் கேட்க வேண்டுமா? இந்த ஒரு கேள்வி போதாதா?

மூன்றாவது புதையல். கிணறு வெட்டும்போதும் உழும்போதும் பழங்காசு கிடைப்பது உண்டு. உடனே மை போட்டுப் பார்க்கிறவனையும் பலி கேட்கும் மந்திரவாதியையும் தேடிப் போகின்றார்கள். சட்டம் என்ன சொல்லுகிறது தெரியுமா? 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உடையவர் யாரும் இல்லையென்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு 4-ல் 3 பங்கும் நிலத்துக்காரருக்கு 1 பங்கும் உண்டு. சர்க்காரே எடுத்துக்கொள்வதானால் உலோக விலையும், அதற்கு மேல் 5-ல் 1 பங்கும் கொடுக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் வரும். கூலிக்கு மண் வெட்டுகிறவனுக்கு முக்கால் பங்கு தரும் சட்டம் இருக்க, ஆட்டுத்தலையைக் கேட்கும் மந்திரவாதி எதற்கு?

கடைக் காசின் கணக்கு

இப்பொழுது நகைக்கடைகளில் லட்சுமி படமும் பிள்ளையார் படமும் போட்டு விற்கின்றார்களே, அந்த வெள்ளிக் காசைப் பற்றிப் பேசுவோம். முதலாவது, அது காசே அல்ல. இந்த தேசத்தில் காசு அடிக்கும் உரிமை மத்திய சர்க்காருக்கு மாத்திரமே உண்டு. கடையில் விற்பது காசு வடிவில் உள்ள ஒரு வெள்ளி வில்லை. இரண்டாவது, அட்சய திருதியையன்று வாங்கினால் வளரும் என்கின்றார்கள். என் தாயார் காலத்தில் எங்கள் கிராமத்தில் அந்தத் திருதியையின் பெயரே யாருக்கும் தெரியாது. விளம்பரம் வந்தது, விசேஷமும் வந்துவிட்டது. வெள்ளி விலையை நிர்ணயிக்கிற லண்டனும் நியூயார்க்கும் நம் பஞ்சாங்கத்தைப் பார்த்தா விலை போடுகின்றன?

ஒரு கணக்குப் போடுவோம். கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிராம் வில்லைக்கு உலோக விலை 1,000. செய்கூலி என்று 150. இரண்டுக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. வரி 100-க்கு 3 வீதம் 34.50. மொத்தம் 1,184.50 ரூபாய். மறுநாளே அதை விற்கப் போனால், கழிவு என்று 100-க்கு 5 பிடித்துக்கொண்டு 950 கொடுப்பார்கள். ஒரே இரவில் 234.50 ரூபாய் நஷ்டம். போட்ட முதல் திரும்ப வேண்டுமானால், கிராம் 100-லிருந்து ஏறக்குறைய 125 ரூபாய்க்கு ஏற வேண்டும். வளருகிறது உங்கள் வீடா, கடையா? லட்சுமி படம் இல்லாத அதே சுத்தமுள்ள வெள்ளியைக் குறைந்த கூலிக்கு வாங்கினால் நஷ்டம் குறையும். ஆகவே அந்த லட்சுமி கொடுக்க வந்தவளா, எடுக்க வந்தவளா என்று நீங்களே சொல்லுங்கள்.

சர்க்கார் ஞாபகார்த்தமாக வெளியிடும் காசுகளும் உண்டு. 1969-ல் காந்தியார் நூற்றாண்டுக்கு வந்த 10 ரூபாய்க் காசு 15 கிராம், 100-க்கு 80 பங்கு வெள்ளி. தஞ்சைப் பெரிய கோவில் ஆயிரமாண்டுக்கு 2010-ல் வந்த 1,000 ரூபாய்க் காசு 35 கிராம், அதிலும் 80 பங்கு. ஆக 28 கிராம் வெள்ளி. இவற்றை ஆசைக்குச் சேர்க்கலாம். ஆனால் இவை உலோக விலைக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் காசுகள். உருக்கினால் கோபுரத்துக்கென்று தனி விலை யாரும் தரமாட்டார்கள்.

அப்படியானால் வெள்ளி வாங்கலாமா?

“அப்படியானால் வெள்ளியே வாங்கக் கூடாதா?” என்று கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. மழை தப்பினால் கையில் ரொக்கமில்லாத நமக்கு, ஆபத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ ஒரு பொருள் வேண்டியதுதான். ஆனால் அதன் குணத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வெள்ளி வட்டி தராது. ஆடு குட்டி போடும், கறவை பால் தரும். வெள்ளி ஒன்றும் போடாது. விலை ஏறினால்தான் லாபம். அந்த விலையோ பெரிய ஊஞ்சல். 1980 ஜனவரியில் அமெரிக்காவில் ஹண்ட் சகோதரர்கள் என்ற செல்வந்தர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில், அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டது. மார்ச்சு முடிவதற்குள் 11 டாலருக்கு விழுந்தது. அவர்களே மூழ்கிப் போனார்கள். 2011-ல் மறுபடியும் 50-ஐ நெருங்கி, மறுபடியும் விழுந்தது. 2025 அக்டோபரில்தான் 50-ஐத் தாண்டிற்று. டாலர் கணக்கில் 45 வருஷம்! நம் நாட்டில் அவ்வளவு மோசமாகத் தெரியாததற்குக் காரணம், 1980-ல் 8 ரூபாயாயிருந்த டாலர் 2025-ல் 88 ரூபாயை எட்டியதுதான். அதாவது வெள்ளி வளர்ந்ததில் ஒரு பங்கு, நம் ரூபாய் தேய்ந்தது. சூரிய ஒளி மின்தகடுகளிலும் மின்சாதனங்களிலும் வெள்ளி செலவாவதால் தேவை அதிகரித்திருப்பது உண்மை. 2016-ல் கமுதிப் பக்கம் கரிசல் மண்ணில் பரப்பிய மின்தகடுகளிலும் வெள்ளி இருக்கின்றது. ஆனால் தேவை ஏறுகிறது என்பதற்காகக் கடன் வாங்கி வெள்ளியில் போடுகிறவன், ஹண்ட் சகோதரர்களின் தம்பி ஆவானே ஒழியப் பணக்காரன் ஆகமாட்டான்.

ஆகவே நான் சொல்லுவது என்னவென்றால், விதைக்கும் சாப்பாட்டுக்கும் பிள்ளை படிப்புக்கும் ஒதுக்கிய பணத்தில் வெள்ளி வாங்காதீர்கள். மிச்சத்தில் ஒரு சிறு பங்கு மாத்திரம் வாங்குங்கள். வாங்கும்போது எடை என்ன, டச் என்ன, செய்கூலி என்ன, திருப்பி எடுத்தால் என்ன கழிவு என்ற நான்கையும் கேட்டு, ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கொலுசு அழகுக்கு, பற்று வைத்த இடமெல்லாம் மாற்றுக் குறையும் என்பதை மறவாதீர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் தனி எண்ணோடு கூடிய ஹால்மார்க் முத்திரை, விருப்பத்தின் பேரில் என்ற முறையில் வந்தது. விருப்பம் என்றால் யாருடைய விருப்பம்? நீங்கள் கேட்டால்தானே கடைக்காரருக்கு விருப்பம் வரும்!

அடகு விஷயத்தில் 2025 ஜூனில் ரிசர்வ் பாங்கி ஓர் உத்தரவு போட்டது. 2026 ஏப்ரல் 1-ந் தேதிக்குள் நடைமுறைக்கு வர வேண்டுமென்ற அந்த உத்தரவின்படி, பாங்கிகளும் கடன் கம்பெனிகளும் ஒருவருக்கு வெள்ளி நகை 10 கிலோ வரையிலும், வெள்ளிக் காசு 500 கிராம் வரையிலும் ஈடாக வாங்கிக் கடன் கொடுக்கலாம். வெள்ளிக் கட்டியின் பேரில் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, கடன் வாங்குகிறவர் முன்னிலையில்தான் மாற்றும் எடையும் பார்க்க வேண்டும் என்பது. என் தாயாருக்கு அன்று கிடைக்காத உரிமை இதுதான்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று சொல்லுகின்றேன். காலில் போட்டிருப்பது உங்கள் சொத்து என்று சொல்லுகின்றார்கள். ஆனால் கழற்றிக் கொடு என்று கேட்கும்போது யாராவது உங்களை யோசனை கேட்கின்றார்களா? ரசீதை உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். எடையையும் மாற்றையும் நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விற்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். கணக்குத் தெரியாத வரையில் நகை அணிந்திருப்பவள் நகையைச் சுமப்பவளே தவிர, உடையவள் ஆகமாட்டாள்.

கடைசியாக ஒரு விஷயம். கலயத்தில் 15 காசு இருந்தது, 14-ஐ விற்றோம் என்று சொன்னேன். மீதி ஒன்றை என் தாயார் குங்குமம் வைத்துப் பூஜை மாடத்தில் வெகுகாலம் வைத்திருந்தார்கள். வீட்டில் லட்சுமி தங்குவதற்காம். சமீபத்தில் ஒரு நாள் அதைக் கேட்டு வாங்கி, குங்குமத்தைத் தண்ணீரில் கழுவி, சிறு தராசில் வைத்தேன். தேய்மானம் போக 11 கிராம் சொச்சம் காட்டிற்று. “உள்ளே இவ்வளவு வெள்ளி, இன்றைய விலைக்கு இத்தனை ரூபாய்” என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, “அப்படியானால் அன்றைக்கு அந்தப் பதினாலுக்கும் எவ்வளவு வந்திருக்க வேண்டும்?” என்று கேட்டார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒரு தாய், தலையெழுத்து என்று சொல்லி மூடிவைத்த கணக்கைத் திறந்து கேட்ட கேள்வி அது. அந்தக் கேள்வியை முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னமே கடைக்காரரிடம் கேட்கும்படி நம் பெண்களைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் சொன்னவைகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய்த் தராசில் போட்டுப் பாருங்கள், வருஷத்தைப் படித்துப் பாருங்கள், கணக்கைப் போட்டுப் பாருங்கள். சரியாயிருந்தால் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.